எடை மேடையில் நின்ற ஒல்லி ஆள்

மூட்டை முடிச்சு ஏதுமின்றி எடை மேடையில் தனியாக நின்ற லாரி ஓட்டுநரின் எடை மூவாயிரத்து நூற்றுப் பத்து கிலோ. ஆளோ ஊதினால் பறந்துவிடும் ஒல்லி. நான்கு நாளாக அவருடைய வெற்று லாரி மூன்று டன் கூடுதலாகக் காட்டியதால், இருக்கைக்கு அடியில் கல் ஒளித்திருக்கிறாரோ என்று மேலாளர் குடைந்து பார்த்தார். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. லாரியை இறக்கிவிட்டு ஆளை மட்டும் நிறுத்தியபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. இயந்திரத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லி மேலாளர் மெக்கானிக்கைக் கூப்பிடப் போனார்.

கண்ணாடி அறையில் உட்கார்ந்து எடை குறிக்கும் பெண்ணை எல்லோரும் எடையக்கா என்பார்கள். அவளுக்கு இயந்திரத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேடையைப் பெருக்க ஏறியபோது, அதே சிவப்பு எழுத்தில் தன்னுடைய நாலாயிரத்து இருநூற்று அறுபதைப் பார்த்தவள் அவள். செத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்த நாள் அது. அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை, இரண்டு வருஷம் கழித்து ஐம்பத்தெட்டு கிலோ. வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கும் புருஷனிடம்கூட அல்சர் என்றே சொல்லி வைத்திருந்தாள்.

ஓட்டுநர் மேடையில் ஏறும் முன், லாரிச் சாவியையும் கைபேசியையும் ஜன்னல் வழியாக நீட்டி, "முதலாளிகிட்ட குடுத்துருங்கக்கா, இனிமே எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மூவாயிரத்து இருநூற்று ஐம்பதானது. அவர் மேடையில் நின்றால்தான் எண் தெரியும். அவள் அறையைவிட்டு ஓடி வருவதற்குள் அவர் இறங்கிப் போய்விடுவார். நடுவில் இருப்பது ஒலிபெருக்கி ஒன்றுதான். பேசினால் வரிசையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பதினோரு லாரிக்கும் கேட்கும், புருஷனுக்கும் கேட்கும். அவர் ஒரு காலை இறக்கத் தூக்கினார். அவள் மைக்கைத் திறந்தாள்.

"இறங்காதீங்கண்ணே. செத்துடலாம்னு நெனைக்கிறீங்களா?"

ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன. எண் மூவாயிரத்து நானூறு.

அவள் தன் கதையைச் சொன்னாள். தான் இல்லாவிட்டால் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள் என்று உறுதியாக நம்பியதை, அன்று வரிசையில் நின்ற தண்ணீர் லாரி ஓட்டும் பெண் எண்ணைப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே இதே கேள்வியைக் கேட்டதை, ஒரு மணி நேரம் அழுததை, இப்போதும் சில காலைகளில் தன் எடை எண்பதைத் தாண்டுவதை, அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்வதை. எண் இரண்டாயிரத்து அறுநூறுக்கு வந்து நின்றது. அவள் திரும்பினாள். புருஷன் அறை வாசலில் நின்றிருந்தார்.

"அல்சர்னியே" என்றார்.

"ஆமா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, மைக்க அணைக்காத. அந்தாளு இன்னும் அங்கதான் நிக்கிறாரு."

வெளியிலிருந்து ஓட்டுநர் முதன்முறையாக வாய் திறந்தார். "அப்புறம் எப்படிக்கா காலையில எந்திரிச்சீங்க?"

"மொத மாசம் எந்திரிக்கவே இல்லண்ணே. அல்சர் மாத்திரைன்னு நெனச்சு இவருதான் எழுப்பிக் குடுப்பாரு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஓட்டுநரும் பாதி சிரித்து மீதி அழுதார். அறுநூற்று நாற்பதுக்குக் கீழே எண் அன்று இறங்கவில்லை. சாவியை அவரிடம் கொடுக்காமல், புருஷனே ஆட்டோவில் கூட உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். தொண்ணூறுக்கு வர அவருக்குப் பதினாலு மாதம் ஆயிற்று.

அதன் பிறகு அந்த மேடையில் லாரிக்கு முன் ஓட்டுநர் தனியாக ஏறுவது வழக்கமாகிவிட்டது. புகார் போனது. எடை இயந்திரங்களைச் சோதித்து முத்திரை போடும் அரசு அதிகாரி வந்து, எடைக்கற்களை ஏற்றி இறக்கி அரை நாள் சோதித்தார். இம்மி பிசகவில்லை. கடைசியில் தானே ஏறி நின்றார்: இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார் மெல்ல.

எடையக்கா மைக்கைத் திறந்தாள். அதற்குள் வரிசையில் மூன்றாவதாக நின்ற லாரியிலிருந்து ஒருவர், "இந்தத் தடவ என் கதைய நான் சொல்றேன்க்கா" என்று இறங்கி வந்துகொண்டிருந்தார்.