மீன் பெட்டியில் வைத்த மருந்து

மீன் பிடிக்க வந்த பஸ் கண்டக்டரையும் அவர் மைத்துனனையும் படகுக்காரர் ஆற்றங்கரைக் காட்டில் இறக்கிவிட்டு, நாளை மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். செல்போனில் சிக்னல் இல்லை.

கண்டக்டருக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை. இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாள்கூடத் தாங்காது. அவர் மனைவி மருந்துக் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றித் தோள்பையில் வைத்து அனுப்பியிருந்தாள். கூட வந்த அவளுடைய தம்பிக்கு அது பிடிக்கவில்லை. அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக்.

"ஈரத்துணியாம். குளிர்ச்சியைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறா அக்கா."

"எங்க வீட்டு ஃபிரிட்ஜை நீதானே ரிப்பேர் பண்ணின மாப்ள. இன்னும் பால் திரியுது."

"அது பழைய வண்டி மாமா. உங்களை மாதிரி."

சிரித்துக்கொண்டே குப்பிகளை ஒரு டப்பாவில் போட்டு ஐஸ் போட்ட மீன் பெட்டிக்குள் வைத்தான்.

அன்று தூண்டில் போட்ட இடமெல்லாம் கெளுத்தி. எதிர்க்கரையில் நீர்நாய்கள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு முங்கின. பெட்டி நிரம்பி மூடி சரியாகப் பொருந்தவில்லை. மெக்கானிக் அதன்மேல் ஒரு கல்லை வைத்தான்.

விடிந்தபோது கல் மட்டும் கிடந்தது. மணலில் பெட்டி இழுபட்ட தடம் புதருக்குள் போனது. அங்கே ஒரு கரடி, குட்டியோடு, மீன் தின்றுகொண்டிருந்தது.

கண்டக்டர் அவன் சட்டையைப் பிடித்தார். "போகாத. குட்டி இருக்கு."

"மருந்து இருக்கு மாமா."

அவன் சட்டியில் கரண்டியால் அடித்தான். கரடி எழுந்து நின்று அவர்களையே பார்த்தது. அப்புறம், அவசரமில்லாமல், குட்டியைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் இறங்கியது. மீன் வாடை அடித்த டப்பாவையும் விடாமல் கடித்திருந்தது. கண்ணாடிச் சில்லுகளை மெக்கானிக் ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஒன்றில்கூட ஒரு சொட்டு இல்லை.

கரையோரமாக நடந்தார்கள். படகு போன திசை அதுதான். வெயில் ஏற ஏறக் கண்டக்டர் குனிந்து குனிந்து ஆற்று நீரைக் குடித்தார். குடித்ததை வாந்தி எடுத்தார். மறுபடி குடித்தார். மாலையில் அவர் மூச்சில் அழுகிய பழத்தின் வாசம் வந்தது. மெக்கானிக் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டான்.

"டிக்கெட் எடுத்தியா?" என்றார் கண்டக்டர்.

"பேசாம வாங்க மாமா."

கொஞ்ச தூரம் போனபின் மறுபடி வாயைத் திறந்தார். "உங்கக்கா கேட்டா, பெட்டியில வைக்கச் சொன்னது நான்தான்னு சொல்லிடு."

"நீங்களே வந்து சொல்லுங்க."

காதருகே அந்த மூச்சு மட்டும் மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது. ஆறு வளைந்தது. வளைவுக்கு அப்பாலும் ஆறுதான், படகு இல்லை. அவன் நடந்தான்.