மஞ்சள் கவுன்

எங்கள் வீட்டில் கம்பளத்தைத் தறியிலிருந்து அறுக்கும்போது ஆண்கள் இருக்கக் கூடாது. என் கணவர் பாஸுவும் கொழுந்தனும் கழுதையை ஓட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். தறிக்கு முன்னால் நானும் என் ஓரகத்தி இத்தோவும் மட்டும். அவள் கையில் தண்ணீர்க் கிண்ணம். என் கையில் கத்தி.

நெய்து முடித்த பகுதி கீழ்க்கட்டையில் சுருண்டு கிடந்தது. அதற்குள் ஒரு மஞ்சள் கட்டம் இருப்பது அவளுக்குத் தெரியாது.

எங்கள் கம்பளம் பாதிக் கம்பளி, பாதி கந்தல். அட்லஸ் மலையில் இந்தச் சரிவு முழுக்க யார் வீட்டுப் பழந்துணியும் எங்களிடம்தான் வரும். சிவப்பும் நீலமும் குவியும், மஞ்சள் மட்டும் குதிரைக்கொம்பு. போன மாதம் இத்தோ தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மஞ்சள் தீர்ந்துபோனது. கம்பளி மூட்டையின் அடியில் கையை விட்டுத் துழாவினேன். மஞ்சளாக ஏதோ அகப்பட்டது. ஓரத்தைப் பல்லில் கடித்து ஒரே இழுப்பு. அப்புறம்தான் ஒரு குட்டிச் சட்டைக் கை தொங்குவதைப் பார்த்தேன். இத்தோ ஒளித்து வைத்திருந்த, அவள் மகள் ரக்கியாவின் கவுன். மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்ட குழந்தை.

முதல் கிழிசல் தெரியாமல் செய்தது. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். மற்றதெல்லாம் தெரிந்தேதான். கிழித்ததை இனி ஒட்டவா முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறமும் அத்தனை நன்றாக இருந்தது. வெட்கங்கெட்டவள் நான்.

ஊரிலிருந்து வந்த இரண்டாம் நாள் இத்தோ மூட்டையைக் கொட்டிக் கவிழ்த்தாள்.

"அக்கா, எம்புள்ள கவுனப் பாத்தியா?"

"நான் எங்கடி பாத்தேன்? ஆடு கீடு தின்னிருக்கும்."

"ஆமா, ஆடு மூட்டைக்கு அடியில போய்த் தின்னுச்சாக்கும்! ஒம்மகதான் பொம்மைக்குச் சுத்த எடுத்திருப்பா."

என் மகள் தம்முவின் கன்னத்தில் இத்தோவின் அறை விழுந்தது. "நான் எடுக்கல சித்தி" என்று அவள் என்னைப் பார்த்து அழுதாள். நான் இரும்புச் சீப்பால் ஊடை நூலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

தறியில் ஏறியதிலிருந்து கம்பளத்துக்கு உயிர் உண்டு. அறுத்தால் போய்விடும். அதனால் இறந்தவரைக் குளிப்பாட்டுவதுபோலப் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் தண்ணீர் தெளிப்போம். சேர்ந்து நெய்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது.

"கேளுக்கா, கை வலிக்குது" என்றாள் இத்தோ.

இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதெல்லாம் பொறுத்துக்கோடி." எல்லோரும் சொல்லும் சொல்தான். அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"மொத்தமாப் பொறுத்தேன்." சிரித்தாள். "நீ என்னத்தப் பெருசா செஞ்சிருப்ப? என் டீயில சக்கரையக் கொறச்சிருப்ப. நாந்தான் பாவி. தம்முவ அடிச்சேன், நீ ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுவே என்னக் கொன்னுச்சு. பொறுத்துக்கோக்கா."

"பொறுத்தேன்" என்றேன். நாக்கு கூசியது.

தண்ணீர் தெளித்தாள். நான் பாவு நூலை அறுத்தேன். இருவரும் கட்டையைப் பிடித்துத் தரையில் உருட்டினோம். சிவப்பு வந்தது, நீலம் வந்தது, பிறகு மஞ்சள்.

இத்தோ மண்டியிட்டாள். ஒரு துணித்துண்டை விரலால் ஒதுக்கினாள். அதன் நுனியில், அவளே தைத்த வெள்ளைப் பூவில் பாதி இருந்தது.

"மொதல்ல தெரியாமத்தான்டி..."

"பேசாத." அந்தப் பாதிப் பூவைத் தடவிக்கொண்டே இருந்தாள். "பொறுத்தேன்னு சொல்லித் தொலைச்சிட்டேனே."

"திரும்ப எடுத்துக்கோடி. திட்டு. அடி."

"எடுக்கக் கூடாதே." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இது சந்தைக்குப் போகாது. ஆம்பளைங்ககிட்ட நீயே சொல்லு."

"சொல்றேன்."

"அதுக்கு முன்னாடி தம்முகிட்டப் போய்க் கேளு. அவ தறியில உக்காரல. மாட்டேன்னு சொல்ல அவளால முடியும்."

வாசலுக்குப் போனேன். தம்மு சுவரோரம் ஆட்டுக்குட்டியின் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் கண் முள்ளிலேயே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன்.