சாட்சிக் கையெழுத்து

“கொறச்ச காலணாவத் திருப்பித் தாரும், மொதலாளி.”

ஞானசெல்வி சொல்லிவிட்டாள். கருங்கல் ஊருக்குப் பக்கத்தில், முந்திரி உடைக்கும் அந்த அண்டியாபீசில் விடியுமுன்பே தொடங்கியிருந்த மரக்கட்டைகளின் தட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. வறுத்த முந்திரிக்கொட்டையின் புகை மட்டும் நிற்காமல் கண்ணைக் கரித்தது. கொட்டை ஓட்டின் எண்ணெய் தின்ற விரல்களைச் சாம்பலில் புரட்டிக்கொண்டு நாற்பது பெண்கள் அவளைப் பார்த்தார்கள்.

கேட்கவே கூடாதென்று புருஷன் ரசலையன் சொல்லிவிட்டுப் போனது அது. அவன் கொழும்புத் துறைமுகத்தில் கரி சுமக்கிறான். “கொழும்புக்காரன் பெஞ்சாதி கூலிக்கு வாய் தொறந்தாளுன்னு வந்துரப்பிடாது. எனக்கு நாணக்கேடு.”

பொன்னுலிங்கம் முதலாளி சிரித்தார். “ஒனக்கென்ன மக்கா கொறச்சல்? மாசாமாசம் மணியாடர் வருது. நாந்தானே சாட்சி ஒப்பு போடுதேன்?”

உண்மைதான். எண்ணெய் அரித்து அவள் பெருவிரலில் ரேகையே இல்லை. தபால்காரர் எத்தனை தடவை அமுக்கினாலும் தாளில் கறுப்பு வட்டம்தான் விழும். முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் பணம் கைக்கு வரும். எந்த வீட்டுக்கு எவ்வளவு வருகிறதென்று அவர் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

ஆனால் கூலியில் கைவைக்கும் தைரியத்தைக் கொடுத்தவள் அவள். கிறிஸ்மஸ் கழிந்து புதுக் கவணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த அன்று, “இந்தக் கூலிய நம்பியா இருக்கேன்? பொழுது போவாம வாறேன்” என்று எல்லோரும் கேட்க அவரிடம் சொன்னாள். மறுவாரமே உடைத்த பருப்பு ராத்தலுக்குக் கூலியில் காலணா போயிற்று. எல்லோருக்கும் போயிற்று. அக்கரையில் ஆளில்லாத விதவை பூங்கனிக்கும். பூங்கனி இப்போது மத்தியானம் ஒரு துண்டு கிழங்கைக் கடித்துத் தண்ணீர் குடிக்கிறாள். ஒரு நாளும் அவள் ஞானசெல்வியைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இவள் கொஞ்சம் மூச்சாவது விட்டிருப்பாள்.

நேற்று ரசலையனின் கடிதத்தை வாசித்துச் சொன்னதும் பூங்கனிதான். அங்கேயும் கங்காணி கூலியைக் குறைத்துவிட்டானாம். ‘ஊர்ல ஒன் பெஞ்சாதி சம்பாதிக்காளே, ஒனக்கு எதுக்கு?’ என்று கேட்டானாம். இனி மணியார்டர் பாதிதான். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள் பூங்கனி.

“மொதலாளி, அங்க என் கூலியக் காட்டி அவருக்குக் கொறச்சான். இங்க அவரு பணத்தக் காட்டி எனக்குக் கொறச்சீரு. ரெண்டு பேரு ஒழச்சு ஒரு கூலிதான் வீடு வந்து சேருது. மிச்சம் ஆரு வீட்டுக்குப் போச்சு?”

“ஏட்டி, வாய் நீளுதே! பொழுது போக்க வாறேன்னு நீதானே சொன்ன?”

அவள் முகம் எரிந்தது.

“நாந்தான் சொன்னேன்.” அவரை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினாள். தலை மட்டும் நிமிரவில்லை. “பவுசுக்குச் சொன்னேன் மக்களே. இந்த வாயாலதான் ஒங்க கஞ்சியில மண்ண அள்ளிப் போட்டேன்.”

“செரி, வெளிய எறங்கு. அடுத்த மணியாடருக்கு எவன் சாட்சி நிக்கான்னு பாப்போம்.”

பின்வரிசையில் ஒரு மரக்கட்டை தரையில் விழுந்தது. பூங்கனி முண்டில் சாம்பலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான் மூணாங்கிளாசு படிச்சவளாக்கும். என் ஒப்பு போராதா?”

எவளோ களுக்கென்று சிரித்தாள். இன்னொரு கட்டை விழுந்தது.

பூங்கனியின் முகத்தைப் பார்க்க ஞானசெல்வியால் முடியவில்லை. தன் கட்டையை முதலாளியின் மேசைமேல் வைத்தாள். காலணா திரும்பாமல் இனி அதைத் தொடப்போவதில்லை. வாசலைப் பார்த்து நடந்தாள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால், கைகளிலிருந்து சாம்பலை உதறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.