கண்ணாடிக் கடையில் ஒரு தமிழ்ப் பலகை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் தப்பில்தான் பிறந்தது. போன மாதம் கண் சோதிக்கப் போன கடையில், சுவரில் தொங்கிய தமிழ் எழுத்துப் பலகையின் ஐந்தாம் வரியில் ‘ல’வை ‘வ’ என்று வாசித்தேன். கடைக்காரி, “சரியா சொன்னீங்க” என்றாள். கிளம்பும்போது கிட்டப் போய்ப் பார்த்தேன். ‘ல’தான். அவளோ வாயைத் திறந்தால் பழமொழி கொட்டுகிற தமிழ்ப் பெண். பிறகு எப்படி?

எழுதுகிறவர்கள் வெறும் வாயை மெல்லுகிறவர்கள். எனக்கு அவல் கிடைத்துவிட்டது. இனி வருவது பாதி விசாரித்தது, பாதி கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே ஊசலாடும் ஒரு பெண்ணின் மனத்தில்…’

(வேண்டாம். அவள் எங்கேயும் ஊசலாடவில்லை. கடையைத் திறக்கிறாள், மூடுகிறாள், வாடகை கேட்டு வருகிறவரோடு சண்டை போடுகிறாள்.)

இரண்டாம் தொடக்கம்: ‘அவளுடைய அப்பா தமிழ் வாத்தியார்.’

இது ஓடும்.

3

அவளுடைய அப்பா தமிழ் வாத்தியார். முப்பது வருடமாக ஞாயிறுதோறும் ஊர்த் தமிழ்ச் சங்கக் கட்டடத்து மாடியில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். தன் மகளை மட்டும் சோதித்ததே இல்லை. வாத்தியார் மகளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாசிப்பதைக் காதால் பிடித்து, படத்தைப் பார்த்துப் பாடம் முழுவதையும் ஒப்பித்துவிடுவாள். எட்டு வயதில் அது கெட்டிக்காரத்தனமாக இருந்தது. பதினெட்டில் ரகசியமானது. இப்போது முப்பத்தாறு, யாரிடம் போய்ச் சொல்வது?

சங்கத்தில் எந்தப் பிள்ளை தமிழில் தடுமாறினாலும், வாத்தியார் பெண்ணைப் பார் என்பார்கள். பாவம், அவளும் பார்க்கும்படிதான் நின்றுகொண்டிருந்தாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிச் சட்டத்துக்கு அவளிடம் பேரம் பேசிப் பாருங்கள், தெரியும். அவள் கனவும் தமிழ், கோபமும் தமிழ். எழுத்து மட்டும் இல்லை.)

4

கடை திறந்த அன்று அப்பா கொடுத்த பரிசு ஒரு தமிழ்ப் பலகை. சங்கத்துப் பெரியவர்கள் சொந்த எழுத்திலேயே கண் சோதித்துக்கொள்ளட்டும் என்று அவரே அச்சடித்தது. நல்ல கண்ணுள்ள ஒருவரை வாசிக்கச் சொல்லி, எட்டு வரியையும் பாட்டுப்போல மனப்பாடம் செய்துகொண்டாள். நான்கு வருடம் பிழைப்பு ஓடியது. இரண்டு மாதம் முன்பு அப்பா புதுப் பலகை கொண்டுவந்து மாட்டினார். எழுத்துகளை இடம் மாற்றியிருந்தார். வாடிக்கையாளர்களுக்குப் பழையது மனப்பாடம் ஆகியிருக்கும் என்று அவருக்குச் சந்தேகமாம்.

அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் சரிதான். (பயப்படாதீர்கள். பிறகு எண் பலகையிலும் வாசிக்கவைத்துத்தான் அளவு எழுதுகிறாள். தொழிலில் அவள் சுத்தம்.)

5

கதையில் இப்போது அப்பாவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எண் பலகை வேண்டாமாம், தமிழ்தான் வேண்டுமாம். ஐந்தாம் வரியில் ஓர் எழுத்தில் தயங்கி, ஒன்றைச் சொல்லிவிட்டு மகளைப் பார்க்கிறார்.

“சரியாம்மா?”

முடிவு ஒன்று: சரி என்கிறாள். குடும்ப மானம் தப்பிக்கிறது. அவள் தப்பிக்கவில்லை.

முடிவு இரண்டு: அப்பா அவள் விரலைப் பிடித்து மணலில் ‘அ’ என்று… (அடித்துவிட்டேன். கடைக்குள் மணல் எங்கிருந்து வரும்?)

முடிவு மூன்று: “எனக்குத் தெரியலப்பா. வாசிக்க வராது, எப்பவுமே வந்ததில்ல. ஆனா நீங்க பேசின தமிழ் முழுசும் எங்கிட்ட இருக்கு. அது போதாதா?”

6

மூன்றாவதை எழுதியதும் எனக்கே பெருமையாக இருந்தது. இவ்வளவும் என் ஊகம்தானே, அவளிடமே காட்டிவிடலாம் என்று தாள்களைக் கடைக்குக் கொண்டுபோனேன். உங்களைப் பற்றிய கதை, வாசித்துப் பாருங்கள் என்றேன்.

வாங்கினாள். ஒவ்வொரு வரியாகக் கண்ணை ஓட்டினாள். சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பினாள். வாசிக்கத் தெரிந்திருந்தால் கிழித்து என் மூஞ்சியில் எறிந்திருப்பாள். அவளோ தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க. அப்பாகிட்டயும் காட்டுங்க, ரொம்ப சந்தோஷப்படுவார்.”

காட்டவில்லை. அவளுக்கு வாசித்துக்காட்டவும் எனக்கு வாய் வரவில்லை, வெட்கமாக இருக்கிறது. நீங்கள் வாசிக்கத் தெரிந்தவர், இவ்வளவு தூரம் வந்தும் விட்டீர்கள். அப்பா நிஜமாகவே கண் சோதிக்கக் கடைக்கு வருமுன் யாராவது போய் இதை அவளுக்குச் சத்தமாக வாசித்துக்காட்டுங்கள். அவள் எந்த இடத்தில் போதும் என்கிறாளோ, கதை அங்கே முடிந்தது.