எல்லோருக்கும் பேண்டு

அல்சூர் சகோதரர் மரண சகாய சங்கத்தைக் கவிழ்த்தது திருட்டு இல்லை, பெருமை. 1949-இல் தலைவர் கோவிந்தப்பா இறந்தபோது, சங்க நிதியில் கைவைத்து, பேண்டு மாஸ்டர் அலெக்சாண்டரின் செட்டோடு ஊர்வலம் விட்டார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் மெஸ்ஸில் தட்டு கழுவியவருக்குப் பட்டாளத்து மரியாதை! தெருவே வாயைப் பிளந்தது.

அடுத்து இறந்தவர் ஒரு ஜட்கா வண்டிக்காரர். "நாங்க மட்டும் இளப்பமா?" என்று அவர் மகன் கேட்டான். சகோதரர் என்று பெயர் வைத்துவிட்டு எப்படி இல்லையென்பது? எல்லோருக்கும் பேண்டு என்று தீர்மானம் போட்டார்கள். மாதச் சந்தா மட்டும் அதே நாலணா. ஏற்றலாம் என்று எழுந்த காரியதரிசி அப்பாதுரையைக் கத்தியே உட்கார வைத்தார்கள். பட்டாளம் போனதோடு பாதிப் பேருக்கு வேலையும் போயிருந்தது. இளவட்டங்கள் ஃபாக்டரிகளில் சேர்ந்து அங்கேயே சங்கம் வைத்துக்கொண்டார்கள். இங்கே மிஞ்சியவர்கள் கிழவர்கள். கிழவர்கள் வேறென்ன செய்வார்கள்? வரிசையாகச் செத்தார்கள்.

1962-இல் பழைய சமையல்காரர் பச்சைமுத்து படுத்துவிட்டார். பார்க்கப் போன அப்பாதுரையின் கையை அவர் விடவில்லை.

"பேண்டு வரும்ல, அப்பாதுரை? காலம் பூரா அடுப்பாண்ட நின்னுட்டேன். ஒரு நாளாவது ஊரே பாக்கப் போவணும்."

"வரும்ணா. நீங்க தூங்குங்க."

சங்கப் பெட்டியில் ஒன்றுமில்லை. அப்பாதுரை அலெக்சாண்டரிடம் ஓடினார்.

"பழைய பாக்கியே நாலு சாவுக்கு நிக்குது சார். என் பசங்க வயித்துக்கு ஊதறவங்க" என்றார் அலெக்சாண்டர். திட்டவில்லை, காபி கொடுத்துத்தான் அனுப்பினார். அப்பாதுரைக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த வாரமே பச்சைமுத்து போய்ச் சேர்ந்தார். "இன்னாபா, பேண்டு இல்ல?" என்று தெருக்கோடியில் யாரோ கேட்டார்கள். பாடையைத் தோளில் தாங்கியிருந்த அப்பாதுரை தலை நிமிரவில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிணம் போன அன்றே வீட்டுக்காரி செத்தவரின் அந்த மாதச் சந்தாவைக் கட்டி, அவர் இடத்தில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்வாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அப்பாதுரையிடம் பச்சைமுத்துவின் மனைவி ஜானகி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினாள்.

"இது அவருது, இது எனுது. அவருக்குத்தான் வரல. எனக்காச்சும் வரச் சொல்லு தம்பி."

சங்கமே செத்துப்போச்சு அண்ணி என்று சொல்ல வாயெடுத்தார். அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார்.

"சேத்துக்கறேன் அண்ணி" என்று வாங்கிக்கொண்டார்.

ஜானகி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே விளக்கேற்றப் போனாள்.