குருவி விழாத அட்டை

ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் வாழ்த்து அட்டை அடித்துத் தள்ளும் மிஷின்கள் டவுன் பஸ் தூரத்தில் ஓடிக்கொண்டிருக்க, ஒரே ஒரு அட்டையைக் கையால் செய்துமுடிக்க முடியாமல் ஒரு குடும்பம் தவிக்கிறது என்று சொன்னால் சிவகாசியில் யாரும் நம்ப மாட்டார்கள். தாயில்பட்டியில் நம்புவார்கள். தாயில்பட்டியில் எதையும் நம்புவார்கள்.

காளீஸ்வரன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தான். வீடு சின்னது. அதனால் நடப்பதைவிடத் திரும்புவதுதான் அதிகமாக இருந்தது. பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறவன். மதுரையில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் பாண்டிலட்சுமி மேடம், மாதிரிக்குச் செய்த அட்டைகளைப் பார்க்க இன்று நேரில் வருகிறார். பிடித்துப் போனால் வருடம் முழுக்க ஆர்டர். பிடிக்காவிட்டால் அவன் அம்மா சண்முகத்தாய் நாளை, திங்கட்கிழமை, மறுபடியும் மருந்து ரூமுக்குப் போய்விடுவாள்.

மருந்து ரூம் என்பது பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்தை அளந்து குழாய்க்குள் செலுத்தும் அறை. மழைக்கு முன்னால் பக்கத்துக் கம்பெனியில் அப்படி ஒரு ரூம் போனது. வெடித்ததை ‘போனது’ என்றுதான் ஊரில் சொல்வார்கள், கடைசி பஸ் போனது மாதிரி. அதையொட்டி அதிகாரிகள் வந்து சுற்றிலுமிருந்த கம்பெனிகளையெல்லாம் பூட்டினார்கள். இப்போது ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள். போர்மன் முனியராஜ் நேற்றிலிருந்து போன் அடித்துக்கொண்டிருக்கிறான்.

“அந்தம்மா சரின்னா இங்கன இருக்கேன். இல்லன்னா அங்கன போறேன். இதுல என்னலே இம்புட்டு நடை?” என்றாள் சண்முகத்தாய்.

“உனக்குப் பயமே இல்லையாம்மா?”

“பயந்தவ மருந்தத் தொட முடியுமா? நான் எதுக்கும் பயந்ததில்ல. உங்கப்பனக் கட்டிக்கிட்டேன்ல.”

அப்பா ஊர்க்காவலன் ஆலங்குளத்துக்கு சிமெண்டு லோடு ஏற்றப் போயிருந்தார். இந்தப் பதிலைக் கேட்கும் பாக்கியம் அவருக்கு இல்லை.

நடுவீட்டில் ஒரு காலி டிரங்குப் பெட்டி. அதன் மேல் நாலாக மடித்த சாக்கு. சாக்கின் மேல் சொரசொரப்பான தடித்த தாள்கள். பக்கத்தில், கைப்பிடி வைத்த ஒரு குட்டி மிஷின். இலை வடிவத்திலும் கிளை வடிவத்திலும் கூர்விளிம்பு வைத்த தகடுகளுக்கு டை என்று பெயர்; ஒரு டையைத் தாளோடு சேர்த்து உருளைக்குள் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் தாள் அதே வடிவத்தில் வெட்டுப்பட்டு வரும். சண்முகத்தாய் சுற்றினால் கொடிபோல ஒரு கிளை அறுபடாமல் வந்து விழும். கிளை நுனியில் எறும்பு கூட உட்கார யோசிக்கும். அதைப் பசை பிதுங்காமல் ஒட்டி, மேலே ஒவ்வொரு இலையாக வைப்பாள். பார்க்கிறவனுக்கு மூச்சு முட்டும்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிரச்சனை குருவி.

கிளையின் மேல் ஒரு குருவி உட்கார வேண்டும். அது மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டை. மை தடவி, தாளில் வைத்து, கட்டையின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு குத்து விட வேண்டும். சொரசொரத் தாளின் பள்ளத்துக்குள் மை இறங்க அந்தக் குத்து அவசியம். சண்முகத்தாய் கட்டையைத் தாளின் மேல் வைத்தாள். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல வைத்தாள். பிறகு அதன் முதுகை லேசாகத் தடவிக் கொடுத்தாள். எடுத்துப் பார்த்தால் தாளில் ஒரு அலகும், அரை வாலும், நடுவில் ஏதோ புகை மாதிரியும் இருந்தது.

“எம்மா, குத்தும்மா.”

“குத்துனேன்லே.”

“இதுவா குத்து? குருவிக்கு வயித்து வலின்னு நீவி விட்ட மாதிரி இருக்கு.”

“வேற எப்படிக் குத்தணும்?”

“என்னய அடிப்பேல்ல சின்னப் பிள்ளைல, அப்படி.”

“நான் எப்படா உன்னய அடிச்சேன்?”

காளி யோசித்துப் பார்த்தான். உண்மைதான். அடித்ததே இல்லை. அது பாசம் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தான்.

தட்டாதே, உரசாதே, இழுக்காதே, கீழே போடாதே. மருந்து ரூமின் சட்டம் அவ்வளவுதான். அவன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அவள் அந்தச் சட்டத்துக்குள் வாழ்ந்துகொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் அம்மாக்கள் கோபத்தைப் பாத்திரத்தில் காட்டுவார்கள். நங்கென்று ஒரு சட்டி இறங்கினால் அன்றைக்குப் பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் குடம் இறங்கும் சத்தமே கேட்காது. அம்மாவுக்கு எப்போது கோபம் வருகிறது, எப்போது போகிறது என்று அவனுக்கோ அவன் அப்பாவுக்கோ இதுவரை தெரிந்ததில்லை. மண்டையில் இடி விழுந்த பிறகுதான் மேகம் போட்டிருந்ததே தெரியும் என்பார் ஊர்க்காவலன்.

குருவியை மட்டும் காளியே குத்திவிடலாம்தான். ஆனால் அவன்தான் இன்ஸ்டாகிராமில் எழுதியிருந்தான்: ‘முதல் வெட்டு முதல் கடைசி அச்சு வரை ஒரே ஒரு தாயின் கை.’ மிஷின் இருக்கிறதே என்று யாராவது கேட்டால், கைப்பிடியைச் சுற்றுவது கைதானே என்று ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தான். யாரும் அதைக் கேட்கவில்லை. பாண்டிலட்சுமி மேடம் மட்டும், “அம்மா அச்சுக் குத்துறத வீடியோ எடுக்கணும்” என்று கேட்டிருந்தார். எழுதும்போது இனித்த வரி இப்போது கசந்தது.

தெருமுனையில் கார் நின்றது. காளி மறுபடி அடுப்படி வரை போய்த் திரும்பினான்.

பாண்டிலட்சுமி மேடம் மல்லாங்கிணற்றுக்காரர். பருத்தியும் மக்காச்சோளமும் போடும் சம்சாரி வீட்டில் பிறந்து, மதுரையில் வாழ்க்கைப்பட்டவர். செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, அட்டைகளைக் கையில் எடுத்தார். குறை சொல்ல இடமே கொடுக்காத மனுஷி என்பது காளியை இன்னும் பதற்றப்படுத்தியது.

“அக்கா, இந்தக் கிளை நீங்க வெட்டுனதா? எப்படிக்கா பிய்யாம எடுக்கீக?”

“அதுபாட்டுக்கு வரும்மா,” என்றாள் சண்முகத்தாய்.

மேடம் அட்டையை அப்படியும் இப்படியும் திருப்பினார். “குருவி எங்க?”

“இருக்கு மேடம்,” என்றான் காளி. “வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.”

பிடித்துப் பார்த்தார். அடுத்த அட்டையை எடுத்தார். அதிலும் பார்த்தார்.

“பனிக்காலக் குருவி மேடம். மங்கலாத்தான் தெரியும்.”

“தாயில்பட்டில எங்கப்பா பனி?”

சண்முகத்தாய் புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். பெற்ற மகனின் பிழைப்பு போகிறபோது சிரிக்கிறாளே என்று காளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழைப்பு தன்னுடையதல்ல, அவளுடையது என்பது அடுத்த நொடி நினைவுக்கு வர, அது இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி, அக்கா ஒண்ணு குத்தட்டும், பாப்போம்,” என்று மேடம் போனைத் தூக்கினார். “தம்பி, அந்தச் சாக்க எடுத்துரு. வீடியோல நல்லா இருக்காது.”

சாக்கு போனது. வெறும் தகரப் பெட்டியின் மேல் தாளை வைத்தார்கள். சண்முகத்தாய் மை தடவினாள், வைத்தாள், தடவிக் கொடுத்தாள். எடுத்தாள். ஒரு அலகு. ஒரு கால்.

“இன்னும் கொஞ்சம் அழுத்துங்கக்கா.”

அவள் இன்னும் கொஞ்சம் தடவிக் கொடுத்தாள்.

காளிக்கு அதற்கு மேல் இருக்க முடியவில்லை. “குடும்மா இங்கன!” என்று கட்டையைப் பிடுங்கினான். “இப்படி!” என்று முழுக்கையையும் ஓங்கி ஒரே குத்து.

காலி டிரங்குப் பெட்டி. மேலே தகரம், உள்ளே வெறும் காற்று. டமார் என்ற சத்தம் வீட்டைத் தாண்டித் தெருவைத் தாண்டிப் போனது.

அவன் தலை நிமிர்ந்தபோது அம்மா இருந்த இடத்தில் அம்மா இல்லை. மை டப்பா கவிழ்ந்து கிடந்தது. மேடம் மட்டும் போனைத் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா ஆச்சு?”

காளி கட்டையோடு வாசலுக்கு ஓடினான். தெருவே வெளியில் நின்றது. தலைக்கு ஷாம்பு போட்டபடி ஒருத்தி, கையில் மாவோடு ஒருத்தி, லுங்கியைப் பிடித்தபடி ஒருவர். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே வானத்தைப் பார்த்தார்கள். புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று தெரிந்தால்தான் யாருடைய வீட்டு ஆள் என்று தெரியும். புகை இல்லை. ஒரு காக்கா மட்டும் போனது.

பிறகுதான் பக்கத்து வீட்டுச் செல்லத்தாயின் கண் கீழே இறங்கி அவன் மேல் நின்றது.

“ஏலே காளி! வீட்டுக்குள்ள வச்சு மருந்து கிண்டுறியாலே?”

“இல்ல அத்தை. குருவி.” கட்டையைத் தூக்கிக் காட்டினான்.

“என்னது?”

“வாழ்த்து அட்டைக்குக் குருவி குத்துனேன்.”

“நாசமாப் போறவனே! யாரு யாருக்குடா வாழ்த்து?” என்றாள் செல்லத்தாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு வீடு வீடாகப் போனது. ஷாம்புக்காரி கண் எரிகிறது என்று உள்ளே ஓடினாள்.

சண்முகத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் தெருக்கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அம்புட்டு தூரம் எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது. வெறுங்கால். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல், சேலையில் படாமல், மருந்து பட்ட கைபோல விரித்துத் தள்ளிப் பிடித்திருந்தாள். கையில் இருந்தது வெறும் கறுப்பு மைதான்.

காளி பக்கத்தில் போனான். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான்.

“பயமே இல்லன்னு சொன்னியேம்மா.”

“யாரு பயந்தா? காலுதான் ஓடுச்சு. நான் ஓடல.”

கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன. அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள். மெல்லக் கைகளைக் கீழே இறக்கினாள்.

வாசலில் மேடம் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. “சிவகாசில ஒரு பிரஸ்ஸுக்குப் போகணும்க்கா. சாயந்தரம் இந்த வழியாத்தான் வருவேன். கிளை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா வாங்குறவுகளுக்குக் குருவி தெரியணும்ல?” என்றார். அவர் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. கார் போய்விட்டது.

சண்முகத்தாய் கை கழுவினாள். கொட்டிய மையைத் துடைத்ததில் கை மறுபடி கறுப்பானது. பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். காளி மறுபடி சாக்கை எடுத்து மடித்துக்கொண்டு வந்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அப்போது போன் அடித்தது. முனியராஜ்.

“கை மையா இருக்கு. ஸ்பீக்கர்ல போடு.”

“யக்கா, நாளைக்குக் காலைல வண்டி வந்துரும். வர்றீகள்ல? சீசன் பக்கத்துல வந்துருச்சு. இல்லன்னா ரூமுக்கு வேற ஆளத்தான் போடணும்.”

காளி நடப்பதை நிறுத்தினான். சண்முகத்தாய் கட்டையை எடுத்தாள். கட்டையில் மை தடவினாள். தாளில் வைத்தாள். முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கையை ஓங்கிக் குத்தினாள்.

பெட்டி அலறியது.

“யக்கா! என்ன சத்தம்? எங்கன இருக்கீக? எதையும் எடுக்காதீக, வெளிய ஓடுங்க! ஓடுங்கக்கா!” போனுக்குள் முனியராஜ் கத்தினான். அவன் பக்கம் ஒரு நாற்காலி விழுந்த சத்தமும் கேட்டது.

சண்முகத்தாய் பாதி எழுந்துவிட்டிருந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்து நின்றாள். மெல்ல உட்கார்ந்தாள்.

“வீட்டுலதான்ப்பா இருக்கேன். குருவி குத்துறேன்.”

“என்ன குத்துறீக?”

“நான் வரல, முனியராசு. நீ வேற ஆளப் போட்டுக்க.” கொஞ்சம் யோசித்தாள். “போடாட்டியும் நல்லதுதான்.”

போன் அணைந்தது. கட்டையை எடுத்துப் பார்த்தார்கள். குத்திய வேகத்தில் கை துள்ளியதால் குருவி இரண்டு தடவை விழுந்திருந்தது. நாலு கால், இரண்டு வால்.

“எம்மா, ஆர்டர் இன்னும் கெடைக்கலயே. அதுக்குள்ள வரலன்னுட்டியே?”

“அது உன் பாடு. வாய் கிழிய எழுதுனவன் நீதான?”

“இந்தக் குருவிய எப்படிக் காட்டுறது?”

“காட்ட வேண்டாம். அடுத்த தாளக் குடு.”

குடுத்தான். அவள் குத்தினாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். அடுத்ததற்கும் எழுந்தாள். குருவி ஒன்றில் சாய்ந்தது, ஒன்றில் கிளையைவிட்டுத் தள்ளி அந்தரத்தில் நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து செல்லத்தாய் கத்தினாள்:

“மதினி! ஒவ்வொரு தடவைக்கும் நான் அடுப்ப விட்டுட்டு வாசலுக்கு ஓடுறேன். சோறு குழஞ்சு போச்சு! சொல்லிட்டாவது குத்துங்களேன்!”

சண்முகத்தாய் மகனைப் பார்த்தாள். தாளைச் சரிசெய்தாள். கட்டையை அதன் மேல் நிறுத்தினாள். தெருப்பக்கம் முகத்தைத் திருப்பி, அவன் இதுவரை கேட்டிராத பெரிய குரலில் சொன்னாள்:

“செல்லத்தாயி! குத்தப் போறேன்!”

“குத்துங்க!” என்றது பக்கத்து வீடு.