ஒரே மாடல், ஒரே கலர்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில், முசரவாக்கம் பஸ்ஸுக்காக நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "உனுக்கு வந்துடுச்சு, எனுக்குத்தான் இன்னும் வரலை." வரன் என்று நினைத்தேன். வரனாக இருந்தால் கதை கொஞ்சம் சிரித்திருக்கும். அவள் சொன்னது போன் அப்டேட்டை. அட, இவ்வளவுதானா என்று முகத்தைத் திருப்பும்போதுதான் அவள் அழுவதைப் பார்த்தேன். அப்டேட்டுக்கா அழுவார்கள்? மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பட்டைப் போல மின்னிய கைபேசியை நதியா...' சீ. காஞ்சிபுரம் என்றாலே எதையாவது மின்ன வைத்துவிடுகிறோம். அடித்துவிட்டேன்.

நதியா பட்டுக்கடையில் சேலை பிரித்துக் காட்டுபவள். பக்கத்துக் கவுண்டரில் நாஸியா. பார்வைக்கு ஒன்றாயிருக்கும் இரண்டு சேலையில் எது அசல் ஜரிகை என்று தொட்டே சொல்லிவிடுவார்கள். (வாடிக்கையாளரிடம் சொல்வது வேறு: "ரெண்டும் ஒண்ணுதாம்மா.") அப்படிப்பட்டவர்கள் போன் கடையில் ஏமாந்தார்கள். ஒரே மாடல், ஒரே கலர் என்று ஜோடியாக வாங்கினார்கள். நாஸியாவுடையது எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாதது. நதியாவுடையது ஒரு சிம் கம்பெனியின் ஆஃபரில் வந்தது.*

(* மாடல் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து மாறியிருக்கும். சிம் கம்பெனி தலையாட்டினால்தான் அதற்கு அப்டேட். பெட்டியைத் திருப்பிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?)

3

அப்டேட் வராததால், செய்தி அனுப்பும் ஆப் நதியாவின் போனில் நின்றுபோனது. மஸ்கட்டில் கட்டட வேலை செய்யும் அவள் கணவன் ஜோசுவா பேசுவது அதில் மட்டும்தான். அதற்கு முன்பே அவன் பேச்சு சுருங்கிக்கொண்டு... (இதை நான் சொல்லக் கூடாது. நதியாவே தனக்குச் சொல்லிக்கொள்வதில்லை.) காசு போட்டு நேராக ஒருமுறை கூப்பிட்டாள். மணி முழுசாக அடித்து நின்றது. மறுபடி கூப்பிடவில்லை.

தினமும் போனைத் தட்டிப் பார்ப்பாள். 'உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது' என்று அது கூசாமல் சொல்லும்.

முன்பெல்லாம் நாஸியா, "மாமா எப்பக்கா வர்றாரு?" என்பாள். இப்போது, "வந்துதாக்கா?" மட்டும்தான். அவர் எப்போது 'அது' ஆனார் என்று இருவருக்கும் தெரியாது. எழுதும்போதுதான் நானே கவனித்தேன். 

4

முடிவுகள்.

அப்டேட் வந்தது, ஜோசுவாவின் குரல்... [ஒரே வரியில் வரவழைத்துவிடலாம். எழுதியும் பார்த்தேன். பொய் நாறியது.]

மஸ்கட்டில் அவனுக்கு வேறொருத்தி... [அவனைக் கெட்டவனாக்கினால் என் வேலை சுலபம். வேண்டாம்.]

ஆகவே என்னால் நம்ப முடிந்ததை மட்டும் எழுதுகிறேன். கடையில் கூட்டம் ஓய்ந்த வேளை. நாஸியா காதுக் கம்மலைக் கழற்றி, அதன் தண்டால் தன் போனின் சிம் தட்டைக் குத்தித் திறந்தாள்.

"உன் சிம்மை இதுல போடுக்கா. ஆப்ல உன் நம்பரைக் குடுத்தா, அவரு அனுப்பினது எல்லாம் வந்து கொட்டும்."

நதியா தன் சிம்மை எடுத்தாள். எடுத்தவள் கையை மூடிக்கொண்டாள்.

"வேணாம்மா."

"ஏங்க்கா? இதுக்குத்தானே அழுதுக்கினு இருந்தே?"

"இப்ப அவரு அனுப்பிக்கினுதான் இருக்காரு, என் போன்லதான் வரலை. உன் போன்லயும் ஒண்ணும் வரலைன்னா, அப்புறம் நான் யார் மேலடி பழி போடறது?"

நாஸியா அழுதுவிட்டாள்.

5

இதற்கு மேல் என்னால் ஆகாது. மூடிய கையைப் பிரிக்க எழுதுகிறவனுக்கு அதிகாரம் உண்டு என்பார்கள். எனக்கு மனசு வரவில்லை. நாஸியாவின் போன் தட்டு திறந்தபடி இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் சிம்மைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால், நதியாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.